கொதிக்க வைத்த தண்ணீர்

பாத்திரத்தின் அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பியதும் மற்றவர்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சித்தி அப்போதுதான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். தண்ணீர் தளதளவென்று பொங்கும், மூடி தாளம் போடும், சமையலறைச் சன்னல் கண்ணாடி வேர்த்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகும். அப்போதும் எழுந்திருக்க மாட்டாள். முதலில் தண்ணீர் இருந்த மட்டத்துக்கும் இப்போது நிற்கும் மட்டத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை அகலம் ஈரக்கோடு விழ வேண்டும்.

"சுண்டணும். சுண்டினாத்தான் எந்தக் கிருமியா இருந்தாலும் சாகும்," என்பாள். "சும்மா சூடு காட்டி எறக்கினா, கிருமி சொகமா ஒரு குளியல் போட்டுட்டு எழுந்து வரும்."

அவள் யாருக்கும் சொந்தச் சித்தி அல்ல. எங்கள் நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்து இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள்; பொழுது சாய்ந்தபின் வந்து வாங்கிக்கொள்வார்கள். குழந்தைகள் சித்தி என்றன, அம்மாக்களும் சித்தி என்றார்கள், ஏதோ ஒரு கட்டத்தில் தபால்காரரும் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். குள்ளமான, கனத்த உருவம். இடுப்பில் எப்போதும் ஒரு துண்டு செருகியிருக்கும். குழந்தையின் மூக்கு, தரையில் சிந்திய பால், தன் நெற்றி வேர்வை எல்லாவற்றுக்கும் துண்டின் வேறு வேறு மூலைகள் உண்டு. மூலை மாறினால் அவளுக்கே பொறுக்காது.

சுத்த விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் கிடையாது. குழந்தையைத் தூக்க வருகிற தகப்பன்மார்களை வாசலிலேயே நிறுத்தி, "கைய நீட்டு, நகத்தப் பாக்கறேன்," என்பாள். லாரி ஓட்டுகிற முதல் மாடிக்காரர், ஆறடி ஆள், பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பால் புட்டியைக் கழுவி, அதன் ரப்பர் காம்பை உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, மூக்கில் வைத்து முகர்ந்து, பிறகு அதையும் கொதிநீரில் போடுவாள்.

அவளுக்குப் பாட வராது. குழந்தைகளைத் தூங்கவைக்கச் செய்தித்தாளை எடுத்து, தாலாட்டு இழுவையில் வாசிப்பாள். "லா...ரி மோதி இரு...வர் காயம்... போ...லீசார் விசாரணை..." என்று நீட்டி நீட்டிப் போகும் அந்தக் குரலில் ஒரே நேரத்தில் நாலைந்து குழந்தைகள் கண்ணயர்ந்துவிடும். இதென்ன கூத்து என்று ஒருநாள் கேட்டேன். "கதை புரியற வயசா தம்பி இது? கொரல் கேட்டாப் போதும். எனக்கும் நாலு நியூஸ் தெரிஞ்ச மாதிரி ஆச்சு."

அவளுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி வந்தது இந்த வீட்டுக்குத்தான். மூன்று முறை வயிற்றில் தங்கி மூன்றும் நிற்கவில்லை. கடைசல் பட்டறையில் வேலை பார்த்த கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். மாமியார் விட்டுவைக்கவில்லை. "ஓட்டை வயிறு" என்பதுதான் அந்த வீட்டில் அவளுக்குப் பெயராக இருந்தது. மாமியாரும் போய், கணவரும் போனபிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றை ஒரு நாளைக்குப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. அப்படித்தான் இந்தப் பிழைப்பு ஆரம்பித்தது.

ஒவ்வொரு குழந்தைக்கும் அவளே ஒரு பட்டப்பெயர் வைப்பாள். மூன்றாம் மாடித் தையல்காரியின் பெண்ணுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். பிறந்த சில மாதங்களிலேயே அது யாரைப் பார்த்தாலும் சிரிக்காமல், புருவத்தைச் சுருக்கி, வழக்கு விசாரிப்பதுபோலப் பார்க்கும். "என்னத்த முடிவு பண்ணியிருக்கீங்க ஜட்ஜம்மா? தூக்கா, விடுதலையா?" என்று கேட்டுக்கொண்டே சித்தி அதற்குப் புட்டியைக் கொடுப்பாள். தாய் ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் உட்காருகிறவள். விடுப்பை நீட்டிக் கேட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். தாய்ப்பால் வற்றிவிட்டது. பால் பவுடர்தான். கலக்குகிற தண்ணீர் சித்தி வீட்டுக் குழாய்த் தண்ணீர், சுண்டக் கொதிக்க வைத்தது.

ஜட்ஜம்மா நேரத்துக்குக் குப்புற விழுந்தாள், நேரத்துக்கு உட்கார்ந்தாள். பேச்சும் வந்தது. "தா" என்றாள், "ம்மா" என்றாள், சித்தியை "த்தீ" என்றாள். பிறகு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. முதலில் "தா" போயிற்று. கையை மட்டும் நீட்டினாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீறிடுவாள். மலம் இறுகி நாள்கணக்கில் போகாது. திடீரென்று தன் கையையே கடித்துக்கொள்வாள். சித்திக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "வயித்துல சூடு. தண்ணி நெறையக் குடிக்கட்டும்," என்று, இன்னும் அதிகமாகச் சுண்டவைத்து, ஆற்றி, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள்.

குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு மூன்று பேர் பார்த்து மருந்து எழுதி அனுப்பினார்கள். நாலாவதாகப் பார்த்தவர் குழந்தையின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுத் தாயிடம் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டாராம்: "நீங்க இருக்கற கட்டடம் எவ்வளவு பழசு?" இரத்தம் எடுத்தார்கள். இருக்கவே கூடாத ஒன்று அதில் இருந்தது. ஈயம்.

அதற்குப் பிறகு நகராட்சி ஆட்கள் வந்தார்கள். விடியற்காலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் விழுகிற முதல் தண்ணீரை வீடு வீடாகக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை. சில வாரம் கழித்துத் தெருவைத் தோண்டினார்கள். தலைக்கவசம் அணிந்த இளம்பெண் ஒருத்தி மேற்பார்வை. பள்ளத்தில் ஒரு குழாய் தெரிந்தது. சாம்பல் நிறம், நடுவில் குடல்போல ஒரு வளைவு. அந்தப் பெண் குனிந்து சாவியால் அதைக் கீறினாள். இரும்பாக இருந்தால் சாவி வழுக்கியிருக்கும். இது மெழுகுபோலக் கீறல் வாங்கிக்கொண்டது. கீறின இடம் வெள்ளியாக மின்னியது.

கட்டடமே வாசலில் கூடி நின்றது. சித்தி மட்டும் உள்ளே போய், சொம்பு நிறையத் தண்ணீரும் டம்ளரும் கொண்டுவந்தாள். வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிற்க அவளால் முடியாது.

பள்ளத்தில் நின்றவர் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். "வேணாம்மா."

"குழாய்த் தண்ணின்னு யோசிக்காத ப்பா. நல்லா சுண்டக் காய்ச்சினது."

தலைக்கவசப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, கொதிக்க வெச்சா கிருமி சாகும். ஈயம் உயிருள்ள வஸ்து இல்ல, சாகறதுக்கு. தண்ணிதான் ஆவியாப் போகும். அது பாத்திரத்துலயே தங்கிடும்."

"ஈயம்னா, பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?"

"அது வெள்ளீயம்மா. இது காரீயம். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கெடையாது, ருசி கெடையாது."

சித்தி சொம்புக்குள் பார்த்தாள். "அப்ப சுண்டச் சுண்ட..."

அந்தப் பெண் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். பள்ளத்தில் இருந்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே சித்திக்குப் புரிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அதைப் பிடித்தபடியே உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது அடுப்பு எரியவில்லை. அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், சொம்பு மடியில் இருந்தது.

மறுநாளிலிருந்து குழந்தைகள் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை. ஒருத்திக்கு ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டாள், இன்னொருத்திக்கு வேலை நேரம் மாறிவிட்டது. தையல்காரி மட்டும் நேரே வந்தாள். ஜட்ஜம்மாவின் போர்வை, இரண்டு புட்டி, ஒரு கிலுகிலுப்பை. அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டே தலையைத் தூக்காமல் பேசினாள்.

"நீங்க தெரிஞ்சு செய்யல சித்தி. எனக்குத் தெரியும். பெத்தவ நான்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டேன். ஆனா உங்க மொகத்தப் பாக்க முடியல என்னால."

"பாக்காத கண்ணு," என்றாள் சித்தி. "நானே கண்ணாடி பாக்கறதில்ல."

அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தையல்காரி சுவரோரம் ஒதுங்கி, குழந்தையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு ஏறிப்போய்விடுவாள்.

வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். கட்டடம் அவருடைய தாத்தா கட்டியது. செய்தி கேட்டு வந்து வாசலில் நின்றார். "எங்க தாத்தா காலத்துக் குழாய்ங்க. அப்பா குடிச்சார், நான் குடிச்சேன், நல்லாத்தானே இருக்கோம்?"

"நல்லா இருக்கறதா யாரு சொன்னாங்க உங்ககிட்ட?" என்றாள் சித்தி. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தெருவிலிருந்து மீட்டர் வரை நகராட்சி புதுக் குழாய் போட்டது. மீட்டரிலிருந்து உள்ளே, சுவருக்குள் ஏறி ஒவ்வொரு மாடிக்கும் போகிற பழைய குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. பழசை வெட்டி இணைக்கும்போது ஆட்டம் கண்டு முன்னைவிட அதிகமாகக்கூட ஈயம் உதிரும், உள்ளேயும் மாற்றும்வரை குடிக்கவோ சமைக்கவோ இந்தத் தண்ணீர் வேண்டாம், அதிலும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆகவே ஆகாது என்று தலைக்கவசப் பெண் வீடு வீடாக ஏறிச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் வீட்டுக்காரர் வந்து, "புதுக் குழாய் போட்டாச்சு, இனிமே கவலை இல்ல," என்றார். மாடிச்சுவருக்கு வெள்ளையும் அடித்தார். மனிதர்களுக்கு எது கேட்க வசதியோ அதைக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் கேன் தண்ணீர் வாங்கினார்கள், சில மாதத்தில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

சித்தி நடக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இத்தனை வருஷத்தில் தன் கையால் பால் குடித்த குழந்தைகளின் வீடுகளையெல்லாம் தேடிப் போனாள். கட்டடத்தை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆனவர்களும் உண்டு. ஒரு வீட்டில் கேட்டு அடுத்த வீட்டுக்கு வழி தெரிந்துகொண்டாள். போய் நின்று, உட்காராமல், ஒரே மூச்சில் சொல்லுவாள்: "உங்க புள்ள எங்கிட்ட வளந்தப்ப நான் குடுத்த தண்ணியில ஈயம் இருந்திருக்கு. அப்ப எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில காட்டி ரத்தம் பாத்துக்குங்க." சிலர் கும்பிட்டு அனுப்பினார்கள். ஒருத்தி, "எங்க பொண்ணுக்கு வரன் பாக்கற நேரத்துல இதை ஏன் வந்து சொல்றீங்க?" என்று கதவைச் சாத்தினாள். இப்படிப் போய்ச் சொல்லும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வேறு பேட்டையில் இரண்டு குழந்தையாவது கிடைத்திருக்கும். போன இடமெல்லாம் தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அவளுக்குக் கைவிரல் மரத்துப் போகிறது, பேருந்துக் கம்பியைப் பிடித்தால் பிடி நிற்பதில்லை. போன இடம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. எண்ணெய்க் கறையோடு வெளியே வந்தவர் சித்தியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார்.

"சித்தி! வாங்க வாங்க! நீங்க தொந்தின்னு பேர் வெச்ச எம் பய இப்ப என்ன விட ஒசரம் தெரியுமா?" இரண்டு பழைய டயர்களை அடுக்கித் தட்டி, "ஒக்காருங்க," என்றார்.

"படிக்கறானா?"

"எங்க படிக்கறான்? மாடு மாதிரி வளந்திருக்கான், மண்டையில ஒண்ணு ஏறினா ஒண்ணு எறங்குது. கணக்குன்னா கண்ணு சொருகிடும். கோவம் மட்டும் மூக்கு மேல. நானும் அடிச்சுப் பாத்துட்டேன் சித்தி. பெல்ட்டு பிஞ்சதுதான் மிச்சம்."

சித்தி டயரில் உட்காரவில்லை. நின்றபடியே தன் பாட்டைச் சொன்னாள். அவர் பாதிச் சிரிப்போடு கேட்டார். 'மண்டை வளர்ற வயசுல அது மண்டையில போய் உக்காருமாம்' என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. கையிலிருந்த பழந்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"அப்ப நான் அடிச்சது?"

"அதனாலதான்னு நான் சொல்ல வரல. டாக்டரே உறுதியாச் சொல்ல மாட்டாங்க. சில புள்ளைங்க இயல்பிலேயே மெதுவாத்தான் இருக்கும். ஆனா..."

"என்ன ஆனா?" குரல் உயர்ந்தது. "இத்தனை வருஷம் கழிச்சு வந்து எதுக்கு இதை எங்கிட்ட சொல்றீங்க? இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது? அவன் மண்டைய மாத்தித் தருவீங்களா?"

"தர முடியாது ப்பா."

"அப்ப சொல்லாமலே இருந்திருக்கலாமில்ல?"

"நீ அவன் மண்டையக் குத்தம் சொல்லிட்டே இருந்திருப்ப," என்றாள் சித்தி. "அவனும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டே இருந்திருப்பான். அந்த நெனப்பு எனக்குத் தெரியும்."

அவர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. பெல்ட்டின் கொக்கியைத் தொட்டது. சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிரித்துப் போட்டிருந்த இன்ஜின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கையில் ஸ்பேனரை எடுத்தார். எதையும் முடுக்கவில்லை. நாங்கள் கிளம்பியபோது திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் வண்டி வரவில்லை. சித்தி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பிணிக்கு ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே தம்பி, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஏன் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸக் கேட்டேன். சில பேருக்குத் தங்காதாம்." இடுப்புத் துண்டின் ஒரு மூலையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "மசக்கையில வேற எதுவும் எறங்காது எனக்கு. தண்ணிதான். குடம் குடமாக் குடிப்பேன். எல்லாரும் என் வயித்தச் சொன்னாங்க. தண்ணிய ஒருத்தரும் சொல்லல."

"நீங்களும் ரத்தம் பாத்துக்கணும் சித்தி," என்றேன்.

"என் ரத்தத்தப் பாத்து யாருக்கு என்ன ஆகணும்? குப்பி மேல என் பேர் எழுதிட்டுப் போறதுக்கா?" என்றாள். பேருந்து வந்துவிட்டது.

இப்போது அவள் வீட்டில் துணி மூட்டைதான் இருக்கிறது. தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுக்கிற வேலை. மரத்துப்போன விரலில் கத்தரிக்கோல் அடிக்கடி நழுவுகிறது. ஒரு சட்டையில் காலரே கொஞ்சம் போய்விட்டதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிற்பகலில் அவள் சன்னல் வழியாகக் குரல் கேட்கும். "நெ...டுஞ்சாலையில் விபத்து... ஒரு...வர் கைது..." வீட்டில் தூங்க யாரும் இல்லை. பழைய இழுவையில்தான் வாசிக்கிறாள். தனக்கு வேறு மாதிரி வாசிக்க வராது என்கிறாள்.

ஜட்ஜம்மாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். மருந்து கொடுத்து இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்திருக்கிறார்கள். போன வார்த்தைகள் எவ்வளவு திரும்பும் என்பதற்கு மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்பதே பதில். பழைய தீர்ப்புப் பார்வை இப்போது இல்லை. யாரையும் பார்ப்பதில்லை, ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறாள்.

போன மாதம் மேல்மாடிக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை, இன்னும் தலை நிற்காதது. சாமான் ஏறிய மறுநாளே சித்தி இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நாலு மாடி ஏறினாள். என் வீட்டைக் கடக்கும்போது மூச்சு இரைப்பது கேட்டு வெளியே வந்தேன். கூடவே போனேன். கதவைத் திறந்த பெண்ணின் கையில் பால் புட்டி இருந்தது. பேச வாயெடுத்த சித்தி அதைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறிப்போனாள்.

"பாப்பாவுக்கு எந்தத் தண்ணியில கண்ணு பால் கலக்கற?"

"குழாய்த் தண்ணிதான் ஆன்ட்டி. பயப்படாதீங்க. நல்லா கொதிக்க வெச்சுத்தான் கலக்கறேன்." அந்தப் பெண் பெருமையாகவே சொன்னாள். "அடுப்பு பக்கத்துலேயே நின்னு பாத்துப்பேன்."

"கொதிக்க வெக்காதம்மா!" சித்தியின் குரல் கிறீச்சிட்டது. "கொதிக்க வெக்கவே வெக்காத! அந்தத் தண்ணியே தொடாத!"

நானே கேட்டு அதிர்ந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் வந்தது, தண்ணீரைப் பற்றிய பயம் அல்ல. கதவைப் பாதி இழுத்துக்கொண்டாள். "வீட்டுக்காரர் சொன்னார் ஆன்ட்டி. புதுக் குழாய் போட்டாச்சாமே. கீழ் வீட்டு அம்மா வந்து ஏதாவது சொல்லுவாங்க, மனசுல வெச்சுக்காதீங்கன்னு..." என்று சொல்லவந்து நிறுத்திவிட்டு, "குழந்தை அழுவுது," என்றாள். குழந்தை அழவில்லை. நான் இடையில் புகுந்து, இவர் சொல்வது உண்மைதான் என்று ஆரம்பிப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் நிறைகிற சத்தம்.

சித்தி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, ஏறியதைவிட வேகமாக இறங்கினாள். மாடிப்படிக்கு அடியில், பழைய கதவுப் பலகைகளும் துருப்பிடித்த சைக்கிளும் கிடக்கிற இருட்டில், கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் போகிற வால்வு இருக்கிறது. பலகைகளை இழுத்துத் தள்ளினாள். இடுப்புத் துண்டை உருவி வால்வின் சக்கரத்தில் சுற்றினாள். பிடி நழுவியது. மறுபடி சுற்றி, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டுத் திருப்பினாள். துரு உதிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரம் அசைந்தது. சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெலிந்து நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

கட்டடம் விழித்துக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. முதல் மாடி லாரிக்காரர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வந்து நின்றார். "சித்தி, கண்ணு எரியுது சித்தி. தொறங்க."

"வீட்டுக்காரர வரச் சொல்லு. உள்குழாய எப்ப மாத்தறார்னு எங்கிட்ட சொல்லட்டும், தொறக்கறேன்."

"அவர் வர்றவரைக்கும் நான் இப்படியே நிக்கறதா?"

"உருகியா போயிடுவ? நுரைதான, காயும்."

ஆட்கள் சேர்ந்தார்கள். அரிசி களைந்தது பாதியில் நிற்கிறது என்றார் ஒருவர். இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது என்றார் இன்னொருவர். யாரோ வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் கத்துவது போனுக்கு வெளியிலேயே கேட்டது. நான் முன்னால் போய் நின்று, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறதென்று ஏதோ சொன்னேன். எனக்கே காதில் விழவில்லை.

தையல்காரி வாளியோடு இறங்கி வந்தாள், ஜட்ஜம்மா இடுப்பில். கூட்டத்தைப் பார்த்து நின்றாள். மாடிப்படிக்கு அடியில் யார் உட்கார்ந்திருப்பது என்று தெரிந்ததும் திரும்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன சித்தி இது?" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவள் அந்த வார்த்தையைச் சொல்லி.

சித்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துப் பேசினாள். "மேல ஒரு கைக்குழந்தை வந்திருக்கு. பால் பவுடர். கொதிக்க வெச்சுக் கலக்கறா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா அந்தப் பொண்ணு."

தையல்காரி வாளியைக் கீழே வைத்தாள். இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. அவள் அண்ணாந்து படிக்கட்டைப் பார்த்தாள், பிறகு இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் புடிங்க இவள," என்று குனிந்து நீட்டினாள். "நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

சித்தி குழந்தையை வாங்க ஒரு கையைத்தான் நீட்டினாள். இழுத்து மடியில் சேர்த்து, முழங்கையால் அணைத்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை வால்வை விட்டு நகரவில்லை.